பழைய ஜீப்புக்குக் காயலான் கடை முன் ஆக்சில்: பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மலைப்பகுதி விவசாயத்தில் டிராக்டரும் மினி லாரியும் ஏறாத பாதைகள் நிறைய. கொல்லிமலை, சிறுமலை, கீழ்ப்பழனி மலை, ஜவ்வாதுமலை போன்ற இடங்களில் தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரை வாழைத்தார், காபி, மிளகு, பலா, உர மூட்டை எல்லாவற்றையும் சுமப்பது இன்றும் பழைய ஃபோர் வீல் ஜீப்தான். இந்த வண்டிகளில் பல, ஓட்டுபவரின் வயதை ஒத்தவை. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க ஊருக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஆனால் முன் ஆக்சில் வளைந்தோ, விரிசல் விட்டோ, கிரௌன் பல் உடைந்தோ போனால் புதிதாக முழு ஆக்சில் கிடைப்பது அரிது. பிறகு காயலான் கடைதான். சென்னை புதுப்பேட்டையோ, அருகில் வண்டி உடைக்கும் இடமோ, அங்கே போய்த்தான் தேட வேண்டும்.

அறுவடை நேரத்தில் வண்டி நின்றுவிட்டால் அவசரம் வந்துவிடும். 'ஜீப் ஆக்சில்தானே, மாட்டிக்கொள்ளலாம்' என்று கிடைத்ததை ஏற்றி வந்து, பொருந்தாமல் மறுபடியும் எடைக்குப் போட்டவர்கள் உண்டு. பொருந்தாதது தெரிந்தால் பணம் மட்டும்தான் நட்டம். பொருந்தியது போலத் தோன்றி, பாதி மலையில் கைவிடுவதுதான் ஆபத்து. முன் ஆக்சில் என்பது இழுவை மட்டும் அல்ல. ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் அதில்தான் இருக்கின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் சுமையோடு இறங்கும் வண்டிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஆக்சிலில் பேரிங், ஆயில் சீல், கிங் பின், பிரேக் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். மாற்ற முடியாதவை, அல்லது மாற்றினால் வாங்கிய லாபமே போய்விடுபவை மூன்று. ஒன்று கிரௌன், பினியன் பல் கணக்கு. இரண்டாவது ஆக்சிலின் அமைப்பு. மூன்றாவது ஹவுசிங்கின் நேர்த்தன்மை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றக் குறைகளைச் சொல்லி விலை பேசலாம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பல் கணக்கு

ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்பர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுற்றும். பழைய ஜீப்புகளில் இரண்டுக்கும் நடுவே விட்டுக்கொடுக்கும் அமைப்பு கிடையாது. ஆகவே முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் பல் கணக்கு ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

பழைய பெட்ரோல் ஜீப்பில் கிரௌனில் 43 பல், பினியனில் 8 பல் இருக்கும். 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.375. அதாவது ஷாஃப்ட் 5.375 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 39-க்கு 8 பல் உள்ள ஆக்சில்களும் புழக்கத்தில் உண்டு. அதன் கணக்கு 4.875. வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பின்னால் 43-க்கு 8 இருக்கும் வண்டியில் முன்னால் 39-க்கு 8 மாட்டினால், பின் சக்கரம் 100 மீட்டர் போகும் நேரத்தில் முன் சக்கரம் 110 மீட்டர் போக முயலும். சேற்றில் டயர் வழுக்கி அந்த 10 மீட்டரைச் சமாளித்துவிடும். அதனால் சேற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று தோன்றும். கெட்டிப் பாறையிலோ சிமென்ட் பாதையிலோ ஏறும்போது வழுக்க இடமில்லை. லிவர் இறுகி எடுக்க வராது, டயர் தேயும், கடைசியில் ஷாஃப்ட் கிராஸோ டிரான்ஸ்பர் கேஸ் பல்லோ உடையும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. முதலில் உங்கள் வண்டியின் பின் ஆக்சிலைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். பல பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, பின் ஷாஃப்ட் மீது இருக்கிறது. அதை விட்டால்தான் ஷாஃப்ட் சுற்றும். தவிர, அந்த வகை வண்டியில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியவுடன் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி நகரும். கல் வைக்கச் சொல்வது அதற்காகத்தான். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். ஜாக்கிக்குப் பக்கத்தில் மரக்கட்டையும் கொடுங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு, டயரைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரத்தின் 2 சுற்று கிரௌனின் 1 சுற்றுக்குச் சமம். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் உங்கள் கணக்கு. சந்தேகம் இல்லாமல் இருக்க டயரை 20 சுற்று சுற்றி எண்ணலாம். 43-க்கு 8 என்றால் ஷாஃப்ட் ஏறக்குறைய 54 சுற்று வரும், 39-க்கு 8 என்றால் ஏறக்குறைய 49. குழப்பத்துக்கு இடமே இல்லை.

கடையிலும் இதே முறைதான். ஆக்சிலை இரண்டு கட்டை மேல் வைத்து, ஒரு டிரம்மை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறு டிரம்மைச் சுற்றி, பினியன் முனை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். முன் சக்கரத்தில் லாக்கிங் ஹப் இருந்தால் இரண்டையும் லாக் செய்த பிறகு எண்ண வேண்டும். உள்ளே ஷாஃப்ட் கழற்றிய ஆக்சில் என்றால் இந்த முறை வேலை செய்யாது. மூடியைத் திறந்து பல்லை எண்ண வேண்டியதுதான். மூடியைத் திறக்க மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காமல் திரும்புவது நல்லது.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபோர் வீல் டிராக்டரில் முன் டயர் சிறியது, பின் டயர் பெரியது. முன் சக்கரம் சில சதவீதம் கூடுதலாக இழுக்கும்படியே அதன் கணக்கை அமைத்திருக்கிறார்கள். ஆகவே இங்கே சொல்லும் 'இரண்டும் ஒன்று' என்ற கணக்கு டிராக்டருக்குப் பொருந்தாது. டிராக்டர் முன் ஆக்சிலுக்கு அதே மாடலைத்தான் தேட வேண்டும். டயர் அளவை மாற்றினாலும் அந்தக் கணக்கு கெடும்.

முழு ஆக்சில் வேண்டுமா, ஹவுசிங் மட்டும் போதுமா?

பலர் இதை யோசிப்பதே இல்லை. உங்கள் வண்டியில் கெட்டது எது? ஹவுசிங் வளைந்திருந்து, உள்ளே கிரௌன், பினியன் நன்றாக இருந்தால் அதே மாடல் வெறும் ஹவுசிங் போதும். உங்கள் பழைய பல் செட்டையே அதில் மாற்றிவிடலாம். அப்போது பல் கணக்கு என்ற தலைவலியும் இல்லை, விலையும் குறையும். ஆனால் பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை ஷிம் வைத்துச் சரிசெய்யத் தெரிந்த கைதான் இதைச் செய்ய வேண்டும். சாதாரணச் சர்வீஸ் பார்ப்பவரிடம் கொடுத்தால் ஒரு மாதத்தில் ஊளைச் சத்தம் கேட்கும்.

கிரௌனும் பினியனும் சேர்த்தே உரசிப் பொருத்தப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருப்பார்கள். ஒரு ஆக்சிலின் கிரௌனை இன்னொன்றின் பினியனோடு சேர்ப்பது, பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், கூடாது.

அமைப்பு

டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். அது டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன் ஷாஃப்ட் வெளிவரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உருண்டை எதிர்ப் பக்கம் இருந்தால் ஷாஃப்டை மாட்டவே முடியாது. ஆக்சிலைக் கவிழ்த்து மாட்டினால் பக்கம் மாறுமே என்று சிலர் கேட்பார்கள். பக்கம் மாறும், கூடவே சக்கரம் சுற்றும் திசையும் மாறும்.

கடைக்குப் போகும் முன் நான்கு அளவுகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இடது சக்கரம் அமரும் முகத்திலிருந்து வலது முகம் வரை உள்ள நீளம், ஸ்பிரிங் பட்டை அமரும் இரண்டு மேடைகளின் நடுவுக்கு நடு தூரம், ஒவ்வொரு மேடையின் அகலம், பினியன் முனை எந்தப் பட்டையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், டேப் பக்கத்தில் தெரியும்படி.

வீல் போல்ட் பொருந்துவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மகிந்திரா ஜீப்பிலும் மாருதி ஜிப்சியிலும் 5 போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம்தான். இரண்டிலும் போல்ட் வட்டம் ஒன்று என்பதற்காக ஜிப்சி ஆக்சில் ஜீப்பில் உட்காராது. அளவும் வலுவும் வேறு.

பட்டை மேடை கொஞ்சம் தள்ளி இருந்தால், 'வெட்டி வெல்டு வைத்துவிடலாம்' என்பார்கள். அந்த மேடையின் சாய்வில்தான் காஸ்டர் கோணம் இருக்கிறது. நேராக ஓடும்போது ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவது அதனால்தான். கண் மதிப்பில் வெல்டு வைத்தால் இரண்டு மூன்று டிகிரி மாறிவிடும். பிறகு இறக்கத்தில் ஸ்டியரிங் லேசாகி அலையும். என் கருத்து: மேடை பொருந்தாத ஆக்சிலை விட்டுவிட்டு இன்னொரு கடைக்குப் போங்கள். பொருந்தும் ஆக்சிலில் கோணம் கொஞ்சம் மட்டும் திருத்த வேண்டியிருந்தால் பட்டைக்கும் மேடைக்கும் நடுவே வைக்கும் சரிவுத் தகடு இருக்கிறது. அதை அலைன்மென்ட் பார்ப்பவர் அளந்து சொல்லட்டும்.

வளைவும் விரிசலும்

கையோடு கொண்டுபோக வேண்டியவை: கொத்தனார் நூல், டேப், ஒரு காந்தம், கொஞ்சம் மண்ணெண்ணெய், சுண்ணக்கட்டித் தூள், கந்தல் துணி, கம்பி பிரஷ்.

முதலில் தூரத்தில் நின்று பாருங்கள். புது பெயின்ட் அடித்த ஆக்சில் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். துருப்பிடித்தது பரவாயில்லை.

நூலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, இரு பக்கமும் ஒரே உயரக் கட்டை கொடுத்து இழுத்துக் கட்டி, குழாயின் பல இடங்களில் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். குழாயின் பருமன் ஒன்றாக உள்ள இடங்களில் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே ஒரு முறை, முன்பக்கம் ஒரு முறை. பள்ளத்தில் விழுந்த வண்டியில் ஆக்சில் மேல்நோக்கி வளைந்திருக்கும். மரத்தில் மோதிய வண்டியில் பின்நோக்கி வளைந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் அளந்தால் மற்றது தப்பிவிடும். குழாய் எங்காவது நெளிந்து பெயின்ட் செதில் செதிலாக எழும்பி இருந்தால் அங்கே வளைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

விரிசலுக்கு இரண்டு இடம்: குழாய், நடு உருண்டைக்குள் நுழையும் இடம். அடுத்தது நக்கிளுக்கு அருகே குழாய் முடியும் இடம். அந்த இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தமாக்கி, மண்ணெண்ணெய் தடவி பத்து நிமிடம் விடுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் தூளில் ஏறி, கறுப்புக் கோடாகத் தெரியும். பழைய பட்டறைகளில் செய்யும் சோதனைதான், கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் பல நேரம் காட்டிக்கொடுக்கும்.

வெல்டு வைத்துச் சரிசெய்த ஹவுசிங்கை முன் பக்கத்துக்கு வாங்கவே கூடாது. நடு உருண்டை வார்ப்பு இரும்பு, குழாய் எஃகு. இரண்டையும் சாதாரண வெல்டிங்கில் ஒட்டினால் பார்க்க உறுதியாக இருக்கும், குளிர்ந்தபின் வெல்டுக்குப் பக்கத்தில் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். சுமையோடு திரும்பும்போது விடும்.

உள்ளே இருப்பவை

அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலைக் காகிதத்தில் விடுங்கள். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடைகளைக் கடக்கும் வண்டியில் இது சகஜம். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள சுவாசத் துளை மண்ணால் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் போன ஆக்சிலில் பேரிங் எல்லாம் புதிது போட வேண்டும் என்று கணக்கு வைத்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். காந்தத்தில் மை போல ஒட்டுவது சாதாரணத் தேய்மானம். அரிசி நொய் அளவில் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது.

பினியன் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சுற்றும் திசையில் சிறிது ஆட்டம் இருக்கலாம், இழுக்கும் திசையில் ஆட்டமே இருக்கக் கூடாது. நக்கிளை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தால் கிங் பின் நிலை தெரியும். பழைய வகையில் நக்கிளுக்குள் இருக்கும் பளபளப்பான உருண்டையில் துருக்குழி விழுந்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கிரீஸ் ஒழுகும். உள் ஷாஃப்டின் பல் வரிகள் நேராக இருக்க வேண்டும், கயிறு முறுக்கியது போல இருந்தால் அந்த ஷாஃப்ட் உடையக் காத்திருக்கிறது. உருண்டை ஒரு பக்கம் தள்ளி இருப்பதால் இடது ஷாஃப்டும் வலது ஷாஃப்டும் நீளத்தில் வேறு. இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

பில் கேளுங்கள். ஆக்சில் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று அதில் எழுதி வாங்குங்கள். திருட்டு வண்டி உதிரி என்று பின்னால் தெரிந்தால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டி வரும். 'விரிசல் இருந்தால் 15 நாளில் திருப்பி எடுப்பேன்' என்று பில்லிலேயே எழுதித் தரும் கடைக்காரர் கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம்.

டூ வீல் ஜீப்பை ஃபோர் வீல் ஆக்கலாமா?

பயிற்சிக்கு வரும் மலை விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. முன் ஆக்சில் மட்டும் கிடைத்தால் போதாது. டிரான்ஸ்பர் கேஸ், இரண்டு ஷாஃப்ட், கியர் பெட்டித் தாங்கி எல்லாம் மாற வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்தால், டூ வீல் வண்டியை விற்றுவிட்டு ஃபோர் வீலாகவே வந்த பழைய வண்டியை வாங்குவது பெரும்பாலும் லாபம். சட்டமும் இருக்கிறது. கெட்ட ஆக்சிலுக்குப் பதில் அதே வகை ஆக்சில் மாட்டுவது பழுதுபார்ப்பு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் வரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் செய்தால் எப்.சி.க்கும் விபத்து இழப்பீட்டுக்கும் சிக்கல் வரலாம்.

மாட்டும்போது

சில பொருள்களைப் பழையதிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. யு போல்ட்டும் அதன் நட்டும், ஆயில் சீல், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஷூ, காட்டர் பின் எல்லாம் புதிது. யு போல்ட் ஒரு முறை இறுக்கியதும் நீண்டுவிடும், இரண்டாம் முறை பிடிமானம் இருக்காது. சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது.

பழைய பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வடித்த ஆயிலைக் கரையானுக்கு நல்லது என்று மரத்தடியில் ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. மண்ணும் கெடும், மழையில் ஓடைக்கும் போகும். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

சுவாசத் துளையைக் குத்திச் சுத்தம் செய்த பிறகு, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை இ.பி. 90 ஆயில் ஊற்ற வேண்டும். பிரேக்கில் காற்று எடுத்த பின், சுமை இல்லாமல் சமதரையில் ஓட்டி, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். சக்கர அலைன்மென்ட் பார்க்காமல் மலை ஏற வேண்டாம். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்றால் பல் கணக்கு பார்த்ததன் பலன் கொஞ்சம் போய்விடும்.

முதல் நாள் கால் பங்கு சுமை போதும். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஹப்பையும் உருண்டையையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அதிகமாக இறுக்கியிருக்கிறது. 100 கிலோமீட்டர் முடிந்ததும் யு போல்ட், நக்கிள் போல்ட், ஸ்டியரிங் ராடு நட்டு எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்து மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை ஒரு முறை வடித்துப் பார்த்துவிட்டு, தெளிவாக இருந்தால் அதன் பிறகு முழுச் சுமை ஏற்றலாம்.